இரண்டு வேண்டுமென்றால் நான்கு எழுது: கோரிக்கைச் சீட்டின் கதை

1990களின் தொடக்கத்தில் கொழும்பிலுள்ள ஒரு பத்திரிகை நிறுவனத்தில் பயிற்சி நிருபராகச் சேர்ந்திருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கு அவசியமில்லை. நேர்காணல் ஒன்றுக்காக ஒலிப்பதிவுக் கருவிக்கு இரண்டு பற்றரிகள் தேவைப்பட்டன. முன்னாலிருந்த கடையிலே வாங்கியிருக்கலாம். ஆனால் முறைப்படி ‘இன்டென்ட்’ எழுத வேண்டும் என்றார்கள். கார்பன் தாள் வைத்து மூன்று பிரதிகள் எழுதினேன். செய்தி ஆசிரியர் கையொப்பமிட்டார். நிர்வாக முகாமையாளர் கையொப்பமிட்டார். கணக்குப் பகுதி முத்திரை குத்தியது. மூன்று வாரங்களின் பின்னர் சீட்டு களஞ்சியத்திலிருந்து திரும்பி வந்தபோது, நான் எழுதிய ‘2’ சிவப்பு மையினால் வெட்டப்பட்டு ‘1’ என்று திருத்தப்பட்டிருந்தது. ஒரு பற்றரியும் உடன் வந்தது. இரண்டு பற்றரிகள் போட்டாலன்றி இயங்காத கருவிக்கு ஒன்றைக் கொடுத்துச் சிக்கனம் செய்திருந்தார்கள்.

நேர்காணலை எப்போதோ என் சொந்தக் காசில் முடித்திருந்தேன் என்பது வேறு விடயம். களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்த பெரியவரிடம் சென்று முறையிட்டேன். வடமராட்சியைச் சேர்ந்தவர்; முப்பது வருடங்களாக அந்த மேசையில் இருந்தவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, ரெண்டு வேணுமெண்டால் நாலெண்டு எழுத வேணும். அவையள் பாதியை வெட்டுவினம். நாலு வேணுமெண்டவன் எட்டு எழுதுவான். இது அவையளுக்கும் தெரியும். அதாலைதான் வெட்டுகினம்.”

பெரிய நிறுவனங்களின் கொள்முதல் நிர்வாகம் குறித்துப் பிற்காலத்தில் நான் வாசித்த எந்த நூலும் இதனை விடத் தெளிவாக எதையும் சொல்லித் தரவில்லை. அந்தச் சீட்டு எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

பல் வெட்டிய தாள்

‘இன்டென்ட்’ என்ற சொல்லின் வேர் பல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகும். மத்தியகால இங்கிலாந்தில் இருவர் ஒப்பந்தம் செய்து கொள்ளும்போது அதனை ஒரே தாளில் இருமுறை எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதியை வைத்துக் கொள்வர். பிணக்கு ஏற்படும்போது இரு பாதிகளையும் பொருத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இவ்வாறு பல் வெட்டிய பத்திரமே ‘இன்டென்ஷர்’ எனப்பட்டது. அதே வேரிலிருந்து கிளைத்த ‘இன்டென்ட்’ என்ற சொல், பிரித்தானிய இந்தியாவின் அலுவலகங்களிலே களஞ்சியத்திடம் பொருள் கேட்டு எழுதும் சீட்டைக் குறிக்கலாயிற்று. இலங்கையிலும் இந்தியாவிலும் அது இன்றுவரை வழக்கில் உள்ளது.

இச்சொல்லின் மற்றைய கிளை எங்கு போய்ச் சேர்ந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் கடை வைத்திருக்கும் வணிகருக்குக் கோரிக்கைச் சீட்டு தேவையில்லை. என்ன தீர்ந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். வாங்குவதும் அவரே, பணமும் அவருடைய மடியிலே. இவையெல்லாம் வெவ்வேறு ஆட்களின் கைக்குப் பிரியும்போதுதான் சீட்டுப் பிறக்கிறது. தேவைப்படுபவர் ஓரிடம், அனுமதிப்பவர் வேறிடம், வாங்குபவர் மற்றோரிடம், பணத்தின் சொந்தக்காரரோ இவர்கள் எவரையும் கண்டறியாத பங்குதாரர். இந்தப் பிரிவினை உலகில் முதன்முதலாகப் பேரளவில் நிகழ்ந்த நிறுவனங்களுள் ஒன்று, நமது கரையோரத்தை 138 ஆண்டுகள் ஆண்ட ஒல்லாந்தர் கொம்பனியாகும்.

பதினேழு கனவான்களின் பட்டியல்

ஒல்லாந்த ஐக்கிய கிழக்கிந்தியக் கொம்பனி 1602ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தோற்றுவிக்கப்பட்டது. அம்ஸ்டர்டாம், மிடில்பேர்க், டெல்ப்ற், றொட்டர்டாம், ஹோர்ன், எங்ஹைசன் ஆகிய ஆறு நகரங்களின் சபைகள் சேர்ந்த அமைப்பு அது. அதன் உச்ச பீடம் ‘பதினேழு கனவான்கள்’ எனப்பட்ட இயக்குநர் குழு. அம்ஸ்டர்டாமுக்கு எட்டு இடங்கள், மிடில்பேர்க்குக்கு நான்கு, சிறிய நகரங்கள் நான்குக்கும் ஒவ்வொன்று. பதினேழாவது இடம் அம்ஸ்டர்டாம் அல்லாத சபைகளிடையே முறை வைத்துச் சுற்றியது.

இக்குழு ஆண்டுதோறும் கூடி, ஆசியாவிலிருந்து எந்தெந்தப் பண்டம் எவ்வளவு வேண்டும் என்று பட்டியல் தயாரித்தது. கறுவா இத்தனை, மிளகு இத்தனை, துணி இத்தனை என்று நீளும் அப்பட்டியலுக்கு ‘எய்ஸ்’ என்று பெயர். ஒல்லாந்த மொழியில் கோரிக்கை என்பது அதன் பொருள். எதிர்த்திசையிலும் இதே காரியம் நடைபெற்றது. ஆசியாவில் கொம்பனி வைத்திருந்த ஒவ்வொரு நிலையமும் தனக்கு வேண்டியவற்றைப் பட்டியலிட்டு ஜாவாத் தீவிலிருந்த பத்தாவியாவுக்கு அனுப்பியது. பத்தாவியா அவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து, கூட்டிக் குறைத்து, பொதுக் கோரிக்கையாக ஐரோப்பாவுக்கு அனுப்பியது. வெள்ளி, இரும்பு, காகிதம், மருந்து, வைன் என்று எல்லாமே அதில் அடங்கும்.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. யாழ்ப்பாணக் கொமாண்டர் ஒருவருக்கு ஏதேனும் தேவையென்றால் கொழும்புக்கும், கொழும்பு பத்தாவியாவுக்கும், பத்தாவியா அம்ஸ்டர்டாமுக்கும் எழுத வேண்டும். பாய்க்கப்பல் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து விடை வர ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை செல்லும். ஆகவே கேட்பவர் இன்றைய தேவையை எழுதுவதில்லை; இரண்டு ஆண்டுகளுக்குப் பின்வரும் தேவையை ஊகித்தே எழுதுகிறார். ஊகம் என்று வரும்போது எவரும் குறைத்து எழுதமாட்டார் என்பது இயல்பு.

1690களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் கொமாண்டராக இருந்தவர் ஹென்ரிக் ஸ்வார்டெக்ரூன். பதவியை விட்டுச் செல்லுகையில் 1697இல் அவர் எழுதி வைத்த நினைவறிக்கை 1911இல் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று. யானை விற்பனை, சாயவேர் சேகரிப்பு, வரி, கோட்டை வேலை என்று யாழ்ப்பாண நிர்வாகத்தின் சில்லறை விபரங்கள் யாவும் அதிலே உண்டு. இதே மனிதர் 1718 முதல் 1725 வரை பத்தாவியாவில் ஆளுநர் நாயகமாக இருந்தார். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டு எழுதியவர், பிற்காலத்தில் ஆசியா முழுவதிலுமிருந்தும் வந்த கோரிக்கைகளின் தலைமேல் அமர்ந்தார். மேசையின் இரு பக்கங்களையும் அறிந்த நிர்வாகிகள் எக்காலத்திலும் சிலரே.

ஒல்லாந்தரின் இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. ஆசியக் கணக்கும் ஐரோப்பியக் கணக்கும் தனித்தனிப் புத்தகங்களில் எழுதப்பட்டன. இலங்கைக் கறுவா ஐரோப்பாவிலே விற்கப்பட்டு வந்த பெரும் இலாபம் ஐரோப்பியப் புத்தகத்தில் ஏறியது. கறுவாவைச் சேகரித்த செலவும் கோட்டைகளையும் படையினரையும் பேணிய செலவும் இலங்கையின் புத்தகத்தில் ஏறின. எனவே கொம்பனிக்கு அள்ளிக் கொடுத்த இலங்கை, ஏட்டின்படி எப்போதும் நட்டத்தில் இயங்கும் நிலையமாகவே தோன்றியது. நட்டக்காரன் எழுதும் கோரிக்கைக்கு மேலிடத்தில் என்ன மதிப்புக் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களில் ‘செலவுப் பகுதி’ என்று பெயர் எடுத்துவிட்ட பிரிவுகளில் வேலை பார்த்தவர்கள் இதனை உடனே விளங்கிக் கொள்வர்.

சென்னைப்பட்டினத்துத் துணி மூட்டை

1600ஆம் ஆண்டின் இறுதி நாளில் சாசனம் பெற்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கொம்பனிக்கும் இதே சிக்கல்தான். சோழமண்டலக் கரையிலிருந்து அது வாங்கிய முதன்மையான பண்டம் பருத்தித் துணி. இலண்டனிலிருந்த இயக்குநர்கள் ‘லோங் குளோத்’, ‘சலம்பூர்’, ‘மூரி’ என்று வகைவாரியாக எத்தனை துண்டுகள் வேண்டும் என்று எழுதி, மாதிரித் துணியும் சேர்த்து சென்னைப்பட்டினத்துப் புனித ஜோர்ஜ் கோட்டைக்கு அனுப்புவர். ஆண்டுக் கொள்முதலுக்கு ‘முதலீடு’ என்றே அவர்கள் பெயரிட்டிருந்தனர். மாரிகாலத்தில் இலண்டனிலிருந்து புறப்படும் பட்டியல் மறு ஆண்டின் நடுப்பகுதியில் சென்னைக்கு வரும். துணி சேர்ந்து கப்பலேறி, இலண்டன் ஏலத்தில் விற்கப்படுகையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்திருக்கும்.

சென்னையில் கொம்பனி நேரடியாக நெசவாளரிடம் செல்லவில்லை. காசி வீரண்ணா போன்ற பெருவணிகர் மூலமாகவே ஒப்பந்தம் செய்தது. வணிகர் கொம்பனியிடம் முன்பணம் பெற்று, இடைத்தரகர் வழியாக நெசவூர்களில் அதனைப் பகிர்வார். துணி வந்ததும் கோட்டைப் பண்டகசாலையில் மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பர். மாதிரிக்கு ஒவ்வாத துண்டுகள் கழிக்கப்படும். கழிக்கப்பட்டவை வணிகரிடம் திரும்பும். வணிகரிடமிருந்து நெசவாளரிடம் திரும்பும். முன்பணம் மட்டும் கடனாக நிற்கும்.

கொம்பனியின் ஊழியர்களோ சொந்த வியாபாரமும் செய்தவர்கள். கேட்பவரும் வாங்குபவரும் பண்டகசாலைச் சாவியை வைத்திருப்பவரும் ஒருவரேயாயின் என்ன நடக்கும் என்பது இலண்டனுக்குத் தெரியாததல்ல. 1675இல் ஸ்ட்ரெயின்ஷம் மாஸ்டர் என்பவரை இயக்குநர்கள் அனுப்பினர். சோழமண்டலத்திலும் வங்காளத்திலுமுள்ள நிலையங்களைப் பரிசோதித்துக் கணக்கு முறைகளைச் சீர்ப்படுத்துவது அவருக்கு இடப்பட்ட பணி. முடிவுகள் சபையில் எடுக்கப்பட்டுப் பதியப்பட வேண்டும், பதிவேடுகளின் பிரதிகள் இலண்டனுக்குச் செல்ல வேண்டும், கணக்கும் பண்டகசாலையும் வெவ்வேறு அதிகாரிகளின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கை அவர் இறுக்கினார். 1678இல் சென்னையின் ஆளுநராகவும் ஆனார். மூன்றே ஆண்டுகளில் இயக்குநர்கள் அவரைப் பதவியிலிருந்து நீக்கினர் என்பதும் வரலாறு.

1680களின் முற்பகுதியில் இலண்டன் துணிக்காக வெறிகொண்டது எனலாம். 1684ஆம் ஆண்டில் ஆசியாவிலிருந்து கொம்பனி இறக்கிய துணி 15 இலட்சம் துண்டுகளுக்கும் அதிகம். பின்னர் ஆங்கிலேய நெசவாளரின் எதிர்ப்பினால் பாராளுமன்றம் தலையிட்டது. அச்சிட்டதும் வர்ணம் தீட்டியதுமான இந்தியத் துணிகளை இங்கிலாந்தில் பாவிப்பதை 1700ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. 1721ஆம் ஆண்டின் சட்டம் அத்தடையை மேலும் இறுக்கியது. இலண்டனில் ஒரு சட்டம் நிறைவேறினால், அடுத்த கப்பலில் வரும் பட்டியலில் சில வரிகள் மாறும். ஆனால் அந்த வரி மாற்றத்தின் காரணத்தைச் சோழமண்டலக் கிராமத்துத் தறிக்காரனுக்கோ சீலைக்கு வர்ணம் தீட்டுபவனுக்கோ எவரும் சொல்லப் போவதில்லை. நேற்று வாங்கியதை இன்று வேண்டாம் என்கிறார்கள் என்பது மட்டுமே அவனுக்குத் தெரியும்.

முற்காலத்தில் நெசவாளனுக்கு ஓர் உரிமை இருந்தது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். அதிக விலை கொடுப்பவருக்கு நெய்யலாம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொம்பனி நாடாளும் அரசாக மாறியதும் அவ்வுரிமை பறிபோயிற்று. பட்டியலை நிறைவேற்ற அதிகாரம் துணைக்கு வந்தது. இலண்டன் கேட்ட எண்ணுக்கும் தறியில் விழுந்த எண்ணுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கடைசியில் தாங்கியவன், எந்தப் பட்டியலிலும் கையொப்பமிடாத அந்த நெசவாளனே.

தோட்டத்துச் சீட்டும் தகரத் துண்டும்

இனி நமது மலையகத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பியும், 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்த பின்னர் தேயிலையும் மலைச்சரிவுகளை மூடின. உரிமையாளர்களும் கம்பனிகளும் பெரும்பாலும் பிரித்தானியாவில் இருந்தனர். தோட்டத்தை நடத்தியவர் துரை. இருவருக்கும் இடையே கொழும்புக் கோட்டையில் முகவர் நிறுவனங்கள் வீற்றிருந்தன. 1835இல் தொடங்கப்பட்ட ஜோர்ஜ் ஸ்டுவர்ட் நிறுவனம் அவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று.

துரைக்கு எது வேண்டுமென்றாலும் முகவருக்கு எழுத வேண்டும். மண்வெட்டி, உரம், தேயிலைப் பெட்டி, பெட்டியின் உட்புறத்தில் விரிக்கும் ஈயத் தகடு, இயந்திர உதிரிப் பாகம் ஆகியன யாவும் அவ்வழியே வந்தன. தொழிலாளருக்கான அரிசியும் அவ்வாறே. முகவர் பொருளை வாங்கி அனுப்புவார். அதற்குத் தரகும் பெறுவார். இடையிடையே ‘விசிட்டிங் ஏஜென்ட்’ எனப்பட்ட பரிசோதகர் தோட்டத்துக்கு வந்து செலவைச் சரி பார்ப்பார். வாங்கிக் கொடுப்பவருக்கு வாங்கும் அளவில் தரகு கிடைக்குமாயின், கோரிக்கையைக் குறைப்பதில் அவருக்கு என்ன அக்கறை என்ற கேள்வி எழும். பரிசோதகர் தேவைப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அரிசியின் கணக்கு வேறு விதமாக முடிந்தது. துரை எழுதிய சீட்டில் அரிசி ஒரு செலவு. தோட்டத்துச் செக்ரோலில் அதே அரிசி தொழிலாளியின் பெயருக்கு எதிரே கழிவு. சீட்டு எழுதியவருக்கும் அனுமதித்தவருக்கும் தரகு பெற்றவருக்கும் ஒரு சதமேனும் செலவில்லை.

ஆனால் தோட்டங்கள் எழுதிக் கேட்டவை பொருட்கள் மட்டுமல்ல. ஆட்களையும் எழுதிக் கேட்டன.

கடல் கடந்த தோட்ட நாடுகளில் இது வெளிப்படையாகவே நடந்தது. ‘இன்டென்ஷர்’ என்ற அந்த மற்றைய கிளையை இங்கேதான் காண்கிறோம். 1834இல் மொரிஷியஸ், 1860இல் நேட்டால், 1879இல் பிஜி என ஒப்பந்தக் கூலி முறை பரவியது. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பர் 16ஆம் திகதி டேர்பனை அடைந்தது. பிஜிக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆட்கள் செல்லத் தொடங்கியது 1903இல். ஒவ்வொரு பருவத்துக்கும் முதலாளிமார் தமக்கு இத்தனை பேர் தேவை என்று விண்ணப்பிப்பர். குடியேற்ற நாட்டு அதிகாரிகள் அவற்றைக் கூட்டிச் சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்த முகவர்களுக்குத் தொகையை அனுப்புவர். முகவர் ஆள் பிடிப்போரை ஏவுவார். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விகிதமும் விதிக்கப்பட்டிருந்தது. துணிப் பட்டியலில் ‘லோங் குளோத் இத்தனை, சலம்பூர் இத்தனை’ என்பதற்கும் இதற்கும் நடைமுறையில் வேற்றுமை காண்பது கடினம். தொகையை நிரப்ப வேண்டும் என்ற நெருக்குதலில் பொய் சொல்லி ஆள் சேர்த்தமையும், பெண்களை ஏமாற்றிக் கொண்டு சென்றமையும் இம்முறைக்கு எதிராக இந்தியாவில் எழுந்த கண்டனங்களில் முதன்மை பெற்றன. பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி முதலாம் திகதி இரத்துச் செய்யப்பட்டன.

இலங்கையில் ஒப்பந்தக் கூலி முறை இருக்கவில்லை; கங்காணி முறையே இருந்தது. எனினும் இங்கும் சீட்டு இருந்தது. அது தகரத்தால் ஆனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிமுகமான ‘டின் டிக்கெட்’ முறையில் பதிவு பெற்ற ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் அடையாளம் வழங்கப்பட்டது. தோட்டத்தின் அடையாளமும் தொடர் எண்ணும் பொறித்த தகர வில்லைகளைத் துரை கங்காணியிடம் கொடுத்து அனுப்புவார். கங்காணி தமிழ்நாட்டுக் கிராமத்தில் சேர்த்த ஒவ்வொருவரின் கழுத்திலும் ஒரு வில்லை தொங்கும். அதைக் காட்டினால் தூத்துக்குடிக்கு அருகிலிருந்த தட்டப்பாறை முகாமிலிருந்து தோட்டம் வரையும் பயணம். பயணச் செலவு வில்லையின் எண்ணைக் கொண்டு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். பெரும்பாலும் அது கடைசியில் தொழிலாளியின் கடனாகவே முடிந்தது. நிர்வாகக் கண்கொண்டு நோக்கினால் மிகச் சிறந்த ஏற்பாடு: கோரியவர் யார், பெற்றது எத்தனை, செலவு எவர் கணக்கில் என்பன ஒரே வில்லையில் அடங்கிவிட்டன. அந்த வில்லை ஒரு மனிதரின் கழுத்தில் தொங்கியது என்பது மட்டும் கணக்கில் வரவில்லை.

தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவதற்கும் ‘துண்டு’ வேண்டும். இவரது கடனைத் தீர்த்தால் விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே அது. ஆங்கில ஆவணங்களிலும் ‘துண்டு’ என்ற தமிழ்ச் சொல்லே இடம் பெற்றது. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக் கொள்ளும். கடனோ புதிய தோட்டத்தில் தொடரும். 1921இல் துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

டெட்ராயிட்டில் ஒரு கடிதம்

வேண்டுமானால், இவையெல்லாம் குடியேற்றவாத காலத்துக் கொடுமைகள், நவீன முகாமைத்துவம் வேறு என்று ஒருவர் கூறலாம். எனவே அமெரிக்காவுக்கும் ஒருமுறை சென்று வருவோம்.

அங்கே கொள்முதலைத் தனித் துறையாக வளர்த்தவை ரயில்வே கொம்பனிகள். ஆயிரக்கணக்கான மைல்களுக்குப் பரந்திருந்த அவற்றுக்கு நிலக்கரியும் தண்டவாளமும் விளக்கெண்ணெயும் நாள்தோறும் வேண்டியிருந்தன. சிகாகோ நோர்த் வெஸ்ட்டேர்ன் ரயில்வேயின் அதிகாரி மார்ஷல் கேர்க்மன் 1887இல் வெளியிட்ட நூலே கொள்முதலுக்கென்றே எழுதப்பட்ட முதல் நூலாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

ஆயினும் படிப்பினை மிகக் கடுமையாகக் கிடைத்தது ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்துக்குத்தான். வில்லியம் டியூரன்ட் 1908இல் தொடங்கிய இந்நிறுவனம் கார்க் கொம்பனிகளை ஒவ்வொன்றாக விழுங்கி வளர்ந்தது. முதலாம் உலகப் போர் முடிந்ததும் விலைகள் ஏறின. ஒவ்வொரு பிரிவின் முகாமையாளரும் நாளை கிடைக்காது, நாளை விலை ஏறும் என்று அஞ்சி உருக்கையும் இறப்பரையும் உதிரிப் பாகங்களையும் வாங்கிக் குவித்தார். மேலிடத்துக் குழுவில் இருந்தவர்களும் அதே முகாமையாளர்களே. உன் கோரிக்கைக்கு நான் கை உயர்த்துகிறேன், என் கோரிக்கைக்கு நீ கை உயர்த்து என்ற பண்டமாற்றிலேயே அனுமதிகள் கிடைத்தன. 1920 ஜனவரியில் 13 கோடி 70 இலட்சம் டொலராக இருந்த கையிருப்பின் பெறுமதி ஒக்டோபரில் 20 கோடி 90 இலட்சம் டொலராக உயர்ந்தது. விதிக்கப்பட்ட எல்லையை விட 5 கோடி 90 இலட்சம் டொலர் அதிகம். அதே இலையுதிர் காலத்தில் கார்ச் சந்தை சரிந்தது.

ஒக்டோபரில் கையிருப்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. எதையும் வாங்க வேண்டாம், வழியில் வரும் சரக்கையும் நிறுத்துங்கள் என்று எல்லா முகாமையாளர்களுக்கும் கடிதம் சென்றது. பின்னர் குழுவினர் முகாமையாளர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து, உண்மையில் என்ன தேவை என்று கேட்டனர். நவம்பர் 30ஆம் திகதி டியூரன்ட் தாம் தொடங்கிய நிறுவனத்தை விட்டே வெளியேறினார்.

1923இல் தலைவரான அல்பிரட் ஸ்லோன் இதிலிருந்து கற்றுக் கொண்டதே நமது கட்டுரைக்கு முக்கியமானது. எல்லா அதிகாரத்தையும் தலைமையகத்துக்கு எடுத்துக் கொள்வதே இலகுவான வழி. அவர் அதைச் செய்யவில்லை. 1922இல் அமைந்த பொதுக் கொள்முதல் குழுவில் பிரிவுகளின் கொள்முதல் அதிகாரிகளே உறுப்பினராக இருத்தப்பட்டனர். பொதுவாக வாங்கக் கூடியதை ஒன்றாக வாங்கினர். மற்றையவை பிரிவுகளிடமே விடப்பட்டன. 1924இல் ஸ்லோன் நேரில் பயணம் செய்தபோது விற்பனையாளர்களின் முற்றங்களில் விற்காத கார்கள் வரிசையாக நிற்பதைக் கண்டார். தலைமையகத்து ஏடுகள் அவருக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. அதன் பின்னர் பத்து நாட்களுக்கு ஒருமுறை விற்பனை விபரம் வரவேண்டும் என்ற ஒழுங்கு வந்தது. ‘எத்தனை வேண்டும்’ என்ற எண்ணுக்குப் பின்னால் ‘ஏன் வேண்டும்’ என்பதற்கான சான்றும் வரத் தொடங்கியது.

கணினியும் களஞ்சியப் பெரியவரும்

இன்று பெரிய நிறுவனங்களில் கார்பன் தாள் இல்லை. கோரிக்கை கணினியில் ஏறுகிறது. தொகைக்கு ஏற்ப மேலதிகாரிகளின் அனுமதி மின்னஞ்சலில் வருகிறது. கூறுவிலைகள் கேட்கப்படுகின்றன, கொள்முதல் கட்டளை செல்கிறது. பொருள் வந்ததும் கட்டளையும், பொருள் பெற்ற சீட்டும், விலைப்பட்டியலும் ஒன்றோடொன்று பொருந்தினால் மட்டுமே பணம் கொடுக்கப்படுகிறது. மத்தியகாலத்தில் பல் வெட்டிய தாளின் இரு பாதிகளைப் பொருத்திப் பார்த்தார்கள் அல்லவா? இன்று மூன்றைப் பொருத்துகிறார்கள், அவ்வளவே.

திருட்டைத் தடுக்க இது இன்றியமையாதது. இதில் எனக்கு ஐயமில்லை. கேட்பவரும் வாங்குபவரும் பணம் கொடுப்பவரும் ஒருவராக இருந்த அரச கூட்டுத்தாபனங்களின் கதைகளை எழுதியே என் போன்ற பத்திரிகையாளர்கள் பல தசாப்தங்கள் கழித்திருக்கிறோம்.

ஆனால் களஞ்சியப் பெரியவர் சொன்ன நோய் கணினியால் தீரவில்லை. 1997இல் ஹோ லீ முதலிய ஆய்வாளர்கள் இதற்கு ஓர் உவமைப் பெயரைப் பிரபலப்படுத்தினர். சாட்டையின் பிடியைச் சற்றே அசைத்தால் நுனி பெரிதாகச் சுழலும் அல்லவா? அதுபோலக் கடையில் ஏற்படும் சிறு மாற்றம், கோரிக்கைகள் கைமாறி மேலே செல்லச் செல்லப் பெருத்துவிடுகிறது. அதற்கு அவர்கள் கண்ட நான்கு காரணங்களுள் ஒன்று, பொருள் பங்கிட்டுக் கொடுக்கப்படும்போது வாங்குபவர் வேண்டியதை விட அதிகமாகக் கேட்பது. இரண்டுக்கு நான்கு! நான்கு ஆண்டுகள் கழித்து, கணினி வலையமைப்புக் கருவிகளுக்குப் பெயர் பெற்ற சிஸ்கோ நிறுவனம் இதனை மெய்ப்பித்தது. பொருளுக்குத் தட்டுப்பாடு நிலவியபோது வாடிக்கையாளர்கள் ஒரே தேவைக்குப் பல இடங்களில் கட்டளை கொடுத்திருந்தனர். அவை எல்லாம் உண்மைத் தேவை என்று நம்பி உதிரிகளை வாங்கிக் குவித்த நிறுவனம், சந்தை சரிந்ததும் 2001 மே மாதத்தில் 220 கோடி டொலர் பெறுமதியான கையிருப்பை நட்டமாக எழுதித் தள்ளியது. உலகின் மிகச் சிறந்த கணினி முறைகளுள் ஒன்று அவர்களிடம் இருந்தது.

அம்ஸ்டர்டாமின் பதினேழு கனவான்களும், சென்னைக் கோட்டையின் பண்டகசாலைக்காரரும், மலையகத்துத் துரையும், டெட்ராயிட்டின் முகாமையாளரும் ஒரே சீட்டின் வெவ்வேறு பிரதிகளிலே கையொப்பமிட்டவர்கள். அச்சீட்டில் எண்ணுக்கு இடம் இருந்தது. கையொப்பத்துக்கு இடம் இருந்தது. வெட்டுவதற்குச் சிவப்பு மையும் இருந்தது. எண் தவறும்போது அதன் விலையைச் செலுத்தப் போகிறவருக்கு மட்டும் அதில் இடமில்லை. நெசவாளனுக்கு இடமிருக்கவில்லை. தகர வில்லையோடு கப்பலேறியவருக்கு இடமிருக்கவில்லை. உற்பத்தி நின்றால் வேலை இழக்கும் தொழிலாளிக்கும் இடமிருக்கவில்லை.

என்னுடைய அந்தச் சீட்டில் ஒரு பத்தி இருந்தது இப்போது நினைவுக்கு வருகிறது. ‘காரணம்’ என்று தலைப்பிட்ட மிக ஒடுங்கிய பத்தி. எல்லோரும் எழுதுவது போல நானும் அதில் ‘அலுவலகத் தேவை’ என்று எழுதியிருந்தேன். கருவிக்கு இரண்டு பற்றரிகள் போட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால் சிவப்பு மைக்காரர் ஒன்றாகக் குறைத்திருப்பாரா என்பது தெரியாது. ஆனால் நான் எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை.

அடுத்த முறை நான்கு என்று எழுதினேன். இரண்டு கிடைத்தன. அன்றிலிருந்து அந்த நிறுவனத்தில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.